ஓபியாய்டு இழப்பீட்டுப் பணம்: கவுண்டி அதைச் சின்ன அமைப்புகளுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்கலாமா?

கரிசல்காரன்:
மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2021இல் ஒப்புக்கொண்ட 2,600 கோடி டாலர் இழப்பீடு பற்றிப் படித்திருப்பீர்கள். ஓபியாய்டு என்னும், போதைக்கு அடிமையாக்கும் வலி மாத்திரைகளை வரைமுறையில்லாமல் ஊருக்குள் இறக்கியதற்காகப் போட்ட வழக்குகளில் வந்த பணம். மற்ற நிறுவனங்கள் தருவதையும் சேர்த்தால், நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்கு 2038 வரை தவணை தவணையாக 150 கோடி டாலருக்கு மேல் வருகிறது. அதில் 85 சதவீதம் கவுண்டி (இங்கே மாவட்டம் மாதிரி) போன்ற உள்ளாட்சிகளுக்கு. பல கவுண்டிகள் விண்ணப்பம் வாங்கி, தொண்டு அமைப்புகளுக்கு ஓராண்டு, ஈராண்டு மானியமாகக் கொடுக்கின்றன. எனக்கு இது சரியாகப் படவில்லை. கவுண்டியே நிலையான சிகிச்சை மையம் கட்டட்டும், சிறையில் பியூப்ரினார்ஃபின் (ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் சிகிச்சை மருந்து) கொடுக்கட்டும். ஆளுக்குக் கொஞ்சம் என்று அள்ளிக் கொடுத்தால் 2038இல் கையில் என்ன மிஞ்சும்?

வைகைமகள்:
அண்ணா, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நின்றவரை மீட்கும் நலாக்சோன் மருந்து கொடுத்து எழுப்பிய ஆள் கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். அந்த மருந்தின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், மறுபடி மூச்சு நிற்கலாம், இருங்கள் என்று நாங்கள் சொன்னால் காதில் ஏறாது. போதையிலிருந்து மீண்டு வந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் கேட்பார். எங்கள் மருத்துவமனைக்கு அப்படி வருபவர் ஒரு சின்ன அமைப்பின் ஊழியர். செல்போன் சார்ஜர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பார், அதை நீட்டித்தான் பேச்சையே தொடங்குவார். அவருடைய சம்பளம் இந்த மானியத்திலிருந்துதான் வருகிறது. நீங்கள் கட்டச் சொல்லும் மையம் ராத்திரி மூன்று மணிக்குத் திறந்திருக்குமா?

கரிசல்காரன்:
தங்கச்சி, அவர் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மானியம் முடிந்த மறுநாள் அவர் இருப்பாரா என்றுதான் கேட்கிறேன். அப்புறம் கணக்கு விஷயம். நியூஜெர்சியின் இர்விங்டனில் 2023, 2024இல் விழிப்புணர்வு என்ற பெயரில் இசை நிகழ்ச்சிகளுக்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல் போனது என்று மாநிலக் கணக்குத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்தார். சாப்பிட பாப்கார்ன், பஞ்சுமிட்டாய் எல்லாம் இதே பணத்தில்! பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

கணக்கப்பிள்ளை:
அண்ணே, இர்விங்டனில் செலவு செய்தது நகராட்சி. செலவு முறையானதுதான் என்று வாதாடியதும் நகராட்சிதான். டென்னசியின் கிரீன் கவுண்டி தனக்கு வந்ததில் பெரும்பகுதியைப் பழைய கடன் கணக்குக்குத் திருப்பியது. அதுவும் அரசுக் கை. சிகரெட் நிறுவனங்கள் மாநிலங்களுக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்ட 1998 புகையிலை ஒப்பந்தத்தையும் பாருங்கள். 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் என்றார்கள், பெரும்பாலும் பொது பட்ஜெட்டில் கரைந்துபோனது. கவுண்டி கையில் இருந்தால் பத்திரம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நான் ஒரு சின்ன மறுவாழ்வு அமைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சிக்கல் வேறு. முதலில் செலவு செய், ரசீது கொடு, பிறகு பணம் வரும் என்கிறார்கள். நான்கு ஊழியர்களுக்குச் சம்பளத்தை முன்கூட்டிப் போட எங்களிடம் ஏது பணம்? பெரிய மருத்துவமனைகளால் சமாளிக்க முடியும். நாங்கள் விண்ணப்பமே போடாமல் விட்டதுண்டு. மூன்று மாதச் செலவை முன்பணமாகக் கொடுத்து, அதற்குக் கணக்குக் காட்டினால் அடுத்த தவணை என்று வைக்கட்டும்.

கொலம்பஸ்வாசி:
எங்கள் ஒஹையோ மாநிலத்தில் இந்த இழப்பீட்டில் 55 சதவீதப் பணம் ஒரு தனி அறக்கட்டளைக்குப் போகிறது. தங்கள் ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்க முடியாது என்று அறக்கட்டளைக்காரர்கள் சொன்னார்கள். 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் காட்டித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பணம் யார் கையில் இருந்தாலும் ஏடு திறந்திருக்க வேண்டும்.

வைகைமகள்:
இன்னொன்று. 2023 டிசம்பரில் வட கரோலினா மெடிகெய்டை (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவுபடுத்தியது. சிகிச்சைச் செலவை இப்போது பலருக்கு அதுவே கொடுக்கிறது. மெடிகெய்டு தராதது வீட்டு வாடகையும் தெருவில் நலாக்சோன் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளுக்கான சம்பளமும். மெடிகெய்டு கொடுக்கும் செலவுக்கு இந்தப் பணத்தையும் ஏன் போட வேண்டும்?

கரிசல்காரன்:
அந்த வாதம் என் பக்கமும்தான் பேசுகிறது. சிறைக்குள் இருப்பவருக்கு மெடிகெய்டு பொதுவாகச் சிகிச்சைச் செலவைக் கொடுப்பதில்லை. நம் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களை 2000 முதல் 2015 வரை எடுத்துப் பார்த்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் ஓபியாய்டால் சாகும் ஆபத்து பொதுமக்களைவிட 40 மடங்கு. அதனால் முதல் பங்கு சிறைச் சிகிச்சைக்கு, இதில் நான் இறங்கிவர மாட்டேன். மீதியை அமைப்புகளுக்குக் கொடுங்கள், ஆனால் ஓராண்டு மானியம் வேண்டாம், மூன்றாண்டு ஒப்பந்தமாகக் கொடுங்கள். முன்பணம் கொடுப்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை:
மூன்றாண்டு சரி. ஆனால் முன்பணம் இல்லாமல் நாங்கள் முதல் மாதச் சம்பளத்தையே தாண்ட மாட்டோம். இந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கவுண்டி வாரியம் தீர்மானம் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். நீங்களும் வாருங்கள் அண்ணே, உங்கள் தயக்கத்தை அங்கேயே சொல்லுங்கள், என் கணக்கை நானும் அவர்கள் முன்னால் வைக்கிறேன்.