மணல் தீவுக்கு மணல் ஏற்றிய கதை

மாலத்தீவு என்றால் எல்லோரும் போய்த் தங்கிய அனுபவத்தைத்தான் எழுதுகிறீர்கள். நான் அங்கே விடுதி கட்டப் போனவன். குழாய் வேலை, பதினொரு மாதம்.

தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர ஒன்பது நிமிடம் போதும். முதலில் எழும்பியவை ஜெனரேட்டர் கொட்டகையும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும்தான். அதுவரை தண்ணீர் படகில் வந்தது. கடலில் குளித்துவிட்டு ஆளுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்வோம்.

கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல் கிடக்க, கான்கிரீட்டுக்கு மூட்டை மூட்டையாக ஆற்று மணல் வந்து இறங்கியதுதான் எனக்குப் புரியவில்லை. மேஸ்திரி கரை மணலை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். அத்தனையும் பவளத் துணுக்கு, சிப்பித் தூள். ஊறிய உப்பு கம்பியை அரித்துவிடுமாம். 2024-25இல் மாலத்தீவுக்கு 10 லட்சம் டன் வரை ஆற்று மணல் அனுப்ப இந்தியா அனுமதித்தது என்று படித்தபோது அந்த உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது.

தண்ணீருக்குள் தூண் இறக்கிய நாட்களில் கலங்கல் பரவாமலிருக்கத் திரை கட்டியிருந்தார்கள். ஓர் இரவுக் காற்றில் அது கிழிந்தது. விடிந்து பார்த்தால் பவளத்தின்மேல் மாவு மில் தரைபோல வெளுப்பாகப் படிந்து கிடக்கிறது. அன்றைக்கே திரையைத் தைத்தார்கள். பவளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

திறப்பு விழா விளம்பரத்தில் 'மனிதக் கால் படாத தீவு' என்று போட்டிருந்தார்கள். நாங்கள் படுத்திருந்த கொட்டகை இருந்த இடத்தில் தென்னை நின்றது.

*

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த மாதிரி மணலை ஏற்றிப் போனவர்களில் நானும் ஒருவன். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேக்குத் தோணியில் வெங்காயம், ஜல்லி, செங்கல் என்று எல்லாம் கொண்டுபோயிருக்கிறோம். அவர்களும் படகைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள். முதல் தடவை சரக்கு இறக்கி முடித்ததும் உள்ளூர்க்காரர் ஒருவர் 'குரும்பா' வேண்டுமா என்றார். 1972இல் திறந்த அந்நாட்டின் முதல் விடுதிக்கும் அதே பெயர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் ஊரில் குரும்பை என்றால் தண்ணீர் பிடிக்காத பிஞ்சு அல்லவா, வேண்டாம் என்று கையாட்டிவிட்டேன். பக்கத்தில் நின்றவன் வாங்கிச் சீவினான். நல்ல இளநீர், இரண்டு டம்ளர் இருக்கும்.