புதுப்பிப்பு: ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) வாங்குமுன் புல்தரையின் சரிவை அளந்துவிடுங்கள்

ஒரு ஏக்கர் வரை 42 அங்குல டெக் (கத்திகள் சுழலும் அடிப்பகுதி) போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி சரிவைப் பற்றித்தான்.

4 அடி ரசமட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் நடுவே 13 அங்குலம் இருந்தால் சரிவு ஏறக்குறைய 15 டிகிரி. பெரும்பாலான கையேடுகள் அதற்கு மேல் ஓட்டாதே என்கின்றன.

சரிவுள்ள இடத்துக்கு ஜீரோ-டர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும் மோவர்) வேண்டவே வேண்டாம். அதன் முன்சக்கரங்கள் தன்போக்கில் சுழல்பவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் அவை வழுக்கினால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஸ்டியரிங் உள்ள லான் டிராக்டரை எடுங்கள். குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள்.

மோவர் தோட்டத்து கேட்டில் நுழையுமா என்பது இன்னொரு விஷயம்: 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம் மட்டுமே. புல் தள்ளும் வாய் பக்கவாட்டில் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த அகலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

புல் ஒரு பக்கம் தாழ்வாக வெட்டுப்பட்டால் டெக்கில் கைவைக்குமுன் நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான்.