ஃப்ளாப் விழுந்த பிறகு ஏஸ்–ராஜாவை என்ன செய்வது?

சில்லுமூட்டை:
டெக்சாஸ் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும் போக்கர்). காசு கிடையாது, நண்பர்களுக்குள் சில்லு வைத்துத்தான் ஆட்டம். பிளைண்டு (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் வைக்கும் கட்டாயச் சில்லு) 10/20. என் கையில் ஸ்பேடு ஏஸ், டைமண்ட் ராஜா. டீலர் இடத்திலிருந்து 60 ஆக ஏற்றினேன். பெரிய பிளைண்டுக்காரர் (20 வைத்தவர்) மட்டும் கட்டினார், அதாவது சமமாகப் போட்டார். நடுவில் 130.

ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் 9, கிளாவர் 8. அவர் செக் (சில்லு போடாமல் விட்டார்). நான் 100 போட்டேன், கட்டினார். டர்னில் (நாலாவது சீட்டு) டைமண்ட் 3. நான் 200, மறுபடியும் கட்டினார். ரிவரில் (கடைசிச் சீட்டு) ஸ்பேடு 4, இருவரும் செக். அவரிடம் 10–9; 9 ஜோடியில் வென்றார். எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்?

நிதானம்:
ஃப்ளாப்பிலேயே. ஜோடியில்லாத இரு சீட்டுகளுக்கு ஃப்ளாப்பில் ஜோடியாவது அமைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். ஆகவே ஏஸ்–ராஜாவுக்கு ஜோடி அமையாமல் போவது வழக்கம். அதற்காக வருந்த வேண்டாம். விழுந்த சீட்டுகள் யாருக்குச் சாதகம் என்று பாருங்கள். பெரிய பிளைண்டிலிருந்து கட்டி வருபவரிடம் 10–9, ராணி–10, ஜாக்கி–10, இரண்டு ஆட்டின் எல்லாம் தாராளமாக இருக்கும். இந்த ஃப்ளாப் அவருடையது.

அதுவே ராஜா–7–2, மூன்றும் மூன்று இனம் என்று விழுந்திருந்தால், உங்களிடம் ஏஸ்–ராணி இருந்தாலும் 45 போட்டிருக்கலாம். முதலில் ஏற்றியவரிடம்தான் ராஜா இருக்கும் என்று எதிராளி நினைப்பார். 130-க்கு 45 போட்டால், நாலில் ஒரு முறைக்குச் சற்றே அதிகமாக அவர் கைவிட்டாலே நட்டமில்லை.

டர்னில் போட்ட 200-க்குச் சமாதானமே இல்லை. 3 விழுந்ததால் யார் பயப்படுவார்? உங்களுக்கு உதவக்கூடியவை மூன்று ஏஸ், மூன்று ராஜா. ரிவரில் அவற்றில் ஒன்று வர 13 சதவீத வாய்ப்புதான். கையில் ஆட்டின் ஏஸ் இருந்திருந்தால் வாதாட இடமுண்டு.

பழைய ரம்மிக்காரர்:
ரம்மியில் முதல் கையிலேயே ஸ்கூட் சொல்லி ஆட்டத்தை விட்டு விலகுகிறவர்கள்கூட இந்த ஆட்டத்தில் ஏஸ்–ராஜாவை விட மாட்டேன் என்கிறார்கள். படச் சீட்டு மோகம், வேறென்ன!

சில்லுமூட்டை:
புரிகிறது, நன்றி. மறுபக்கம் நான் இருந்தால்? கையில் இரண்டு ஆட்டின், ஃப்ளாப்பிலும் இரண்டு; இன்னொன்று வந்தால் ஐந்தும் ஒரே இனம். நடுவில் 120, எதிராளி 60 போடுகிறார். கட்டலாமா?

நிதானம்:
60 கட்டினால் மொத்தம் 240. அதாவது 25 சதவீத வாய்ப்பு வேண்டும். மீதி ஆட்டின் 9. அடுத்த சீட்டில் வர 19 சதவீதம். கணக்கு உதைக்கிறது. ஆனால் ஆட்டின் விழுந்த பிறகு அவர் மேலும் சில்லு கொடுப்பார் என்றால், அந்தக் குறை நிரம்பிவிடும். இருவரிடமும் சில்லு நிறைய மீதமிருந்தால் கட்டுங்கள்.

கடைசி இருக்கை:
ரிவர் வரை 35 சதவீதம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். டர்னில் மறுபடி கட்டாமல் இரண்டு சீட்டையும் பார்க்க முடிந்தால்தான் அந்தக் கணக்கு. எதிராளி ஃப்ளாப்பிலேயே மொத்தச் சில்லையும் உள்ளே தள்ளினால் அது பொருந்தும். இன்னொன்று: உங்கள் ஆட்டின்கள் 5–4 போன்ற சின்னவை என்றால் 9 சீட்டையும் முழுதாக நம்பாதீர்கள். நாலாவது ஆட்டின் விழுந்தால், பெரிய ஆட்டின் ஒன்றை மட்டும் வைத்திருப்பவரும் உங்களை வென்றுவிடுவார்.