மரபணு வரிசைத் தளங்களுக்குப் பூட்டு வேண்டுமா?

இளவேனில்:
கொரோனா வைரஸின் முழு மரபணு வரிசை பொதுவெளிக்கு வந்தது 2020 ஜனவரி 11-ல். ஷாங்காயில் ஜாங் யோங்ஜென் குழு கண்டறிந்ததை சிட்னியிலிருந்து எட்வர்ட் ஹோம்ஸ் இணையத்தில் போட்டார். ஜென்பேங்க் என்ற திறந்த மரபணுக் களஞ்சியத்தில் எம்.என்.908947 என்ற பதிவு எண்ணைத் தேடினால் இன்றும் யாரும் பார்க்கலாம். பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது. மரபணு வரிசையை எழுதும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில், ஏ-டி-டி-ஏ-ஏ-ஏ என்று தொடங்கி 29,903 எழுத்து ஓடுகிறது. கடைசியில் வரிசையாக 33 ஏ. ஆனால் பிறகு வந்த லட்சக்கணக்கான வரிசைகள் குவிந்தது ஜிசெய்டு என்ற வைரஸ் தரவுத் தளத்தில். அங்கே நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு லாகின் வாங்க வேண்டும், எடுத்ததை மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் இப்படிப் பூட்டி வைத்தது தவறு என்பது என் கட்சி.

கடலூரான்:
அந்தப் பூட்டு ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டீர்களே. பறவைக் காய்ச்சலில் இந்தோனேசியாவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளிடம் எடுத்த வைரஸை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்புக்கு அந்த நாடு அனுப்பியது. அதிலிருந்து ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பூசி உருவாக்குவது அப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது. வைரஸ் தந்த ஊருக்கு அந்தத் தடுப்பூசி கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை. மாதிரி அனுப்புவதையே நிறுத்தினார் இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி. இந்தச் சண்டைக்கு நடுவில்தான் 2008-ல் ஜிசெய்டு வந்தது. வரிசையைப் பயன்படுத்துபவர் தந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், அவரோடு சேர்ந்து உழைக்க முயல வேண்டும் என்பது அதன் விதி. அந்த விதியை நம்பித்தான் பல நாடுகள் தந்தன.

இளவேனில்:
இந்தோனேசியாவின் கோபம் நியாயமானது, மறுக்கவில்லை. பூட்டு அந்த நியாயத்தை வாங்கித் தந்ததா என்பதுதான் என் கேள்வி. 2021 நவம்பரில் ஒமைக்ரான் வரிசைகளைத் தென்னாப்பிரிக்கா ஜிசெய்டில்தான் போட்டது. உலகத்துக்குச் சொன்ன மறுநாளே மற்ற நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்தத் தொடங்கின. 2023-ல் நடந்தது இன்னும் மோசம். வூஹான் சந்தையில் எடுத்த மாதிரிகளின் தரவு ஜிசெய்டில் கிடப்பதை பிரான்ஸின் ஆய்வாளர் ஃப்ளோரன்ஸ் டெபார் கவனித்தார். அதில் ரக்கூன் நாய் என்ற காட்டு விலங்கின் மரபுப்பொருளும் இருந்தது; வைரஸ் விலங்கிலிருந்து வந்ததா என்று தேடுபவர்களுக்கு அது முக்கியத் தடயம். கொஞ்ச நாளில் தரவு தளத்திலிருந்து காணாமல் போனது. விதி மீறல் என்று சொல்லி, ஆராய்ந்தவர்களின் கணக்குகளையும் ஜிசெய்டு நிறுத்தி வைத்தது. சாவியை வைத்திருப்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

வண்டல்:
நான் மீன் வகைப்பாட்டுக்காரி, வைரஸ் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஒரு திருக்கையின் மரபணுத் துண்டை எடுத்து, திறந்த களஞ்சியம் ஒன்றில் பிளாஸ்ட், அதாவது ஒத்த வரிசையைத் தேடும் நிரல், ஓட்டினேன். 99 சதவீதம் பொருந்தி ஓர் இனத்தின் பெயர் வந்தது. என் மேசையில் கிடந்த மீனின் வால் முள்ளும் முதுகுப் புள்ளியும் வேறு கதை சொன்னன. யாரோ தப்பாகப் பெயரிட்டுப் போட்டுவிட்டார். பதிவைப் போட்டவர்தான் திருத்த முடியும். அவருக்கு மூன்று முறை எழுதினேன், பதிலே இல்லை. திறந்து வைத்தால் போதாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கடலூரான்:
அதைத்தான் சொல்கிறேன். ஜிசெய்டில் வரிசை வந்ததும் ஆட்கள் சரிபார்க்கிறார்கள், சந்தேகம் இருந்தால் அனுப்பியவரையே கேட்கிறார்கள்.

இளவேனில்:
வண்டல் சொல்வது உண்மையான குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் போடுவதற்குக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. நான் சொன்ன அதே எம்.என்.908947 முதலில் 30,473 எழுத்தாக இருந்தது. திருத்தித்தான் 29,903 ஆனது. பழைய பதிப்பும் அழியாமல் அங்கேயே இருக்கிறது, என்ன மாறியது என்று யாரும் ஒப்பிடலாம். காசு விஷயத்துக்கும் வேறு வழி உண்டு. 2024-ல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய ஐ.நா. பல்லுயிர் மாநாடு ஒரு நிதியை ஏற்படுத்தியது. இத்தகைய தரவால் பயனடையும் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 1 சதவீதமோ வருமானத்தில் 0.1 சதவீதமோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. தரவு திறந்தே இருக்கும்.

கடலூரான்:
"தர வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள், கட்டாயம் இல்லையே. அந்தப் பணம் இந்தோனேசியா மாதிரி நாடுகளுக்கு வந்து சேரட்டும். அப்புறம் பூட்டைக் கழற்றுவது பற்றிப் பேசலாம், நானும் வருகிறேன்.