ஆய்வறிக்கையில் பாதி வண்டி சிவப்பாக இருக்கிறது: எதைச் செய்வது, எதை மறுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 60,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் காரை ஆயில் மாற்றுவதற்காக ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தேன். செக் இன்ஜின் விளக்கு அவ்வப்போது எரிகிறது என்பதையும் சொல்லியிருந்தேன். அவர்கள் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு முழு ஆய்வு செய்து, ஓர் அறிக்கை தந்திருக்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் பேடும் டிஸ்கும் மாற்ற வேண்டும், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் இணைப்பு) போய்விட்டது, இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினை உள்ளே கழுவுதல்), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) சுத்தம், பிரேக் ஆயில் மாற்றம், கடைசியாகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) என எல்லாமே உடனே செய்ய வேண்டும் என்ற சிவப்புக் கட்டங்கள். மொத்த எஸ்டிமேட், காரை இன்று விற்றால் கிடைக்கும் தொகையில் கால் பங்கை எட்டுகிறது. பிரேக்கில் சத்தமோ அதிர்வோ இல்லை. வேலையை அங்கேயே செய்தால் ஆய்வுக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். இதில் எது உண்மையான தேவை என்று எப்படிக் கண்டறிவது? ஒன்றும் செய்யாமல் வண்டியை எடுத்து வந்துவிடலாமா?

பதில் 1

வணக்கம் ஐயா. நான் பணிமனையில் வேலை செய்பவன். தாராளமாக எடுத்து வரலாம். ஒப்புதல் தராத வேலைக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் பேட் முழுவதும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினாலோ, டயரில் உள்நூல் தெரிந்தாலோ ஓட்டக் கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த நிலை இருப்பதாகத் தோன்றவில்லை.

உங்கள் அறிக்கையில் நிறம் இருக்கிறதே தவிர, அளவு இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பிரேக் பேட் என்றால், பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, உராயும் பகுதியின் தடிமன் எத்தனை மி.மீ. என்று நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். புதிய முன்சக்கரப் பேட் பொதுவாக 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும், 3 மி.மீ. அருகில் வரும்போது மாற்றுவது வழக்கம். டிஸ்குக்கு இன்னும் தெளிவான விடை உண்டு. குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கின் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரில் எடுத்த அளவு அதற்கு மேல் இருந்து, மிதிக்கும்போது அதிர்வும் இல்லை, ஆழமான கீறலோ விரிசலோ இல்லை என்றால், அந்த டிஸ்கை மாற்றக் காரணமே இல்லை. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் தேய்வது அரிது என்பதால், நான்கிலும் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

புஷ் விஷயத்தில் ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம் மட்டுமே. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கடப்பாரையால் நெம்பி, ஆட்டம் இருப்பதை உங்கள் கண்முன் காட்டினால் மாற்றுங்கள். மாற்றினால் வீல் அலைன்மென்ட் தேவைப்படும். அந்தக் கட்டணம் நியாயமானதே.

பதில் 2

பட்டியலில் நான் மறுக்காத ஒன்று பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும்; கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஆகவே பல தயாரிப்பாளர்கள், ஓடிய தூரத்தைப் பாராமல், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். இன்ஜின் ஃப்ளஷும் இன்ஜெக்டர் சுத்தமும் அப்படியல்ல. உங்கள் காரின் கையேட்டில் உள்ள பராமரிப்பு அட்டவணையைப் பிரித்துப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால், ஐடிலில் (வண்டி நின்றபடி ஓடும்போது) இன்ஜின் தடுமாறுவது போன்ற அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், விட்டுவிடலாம். இவை அதிக உழைப்பின்றி லாபம் தருபவை. எஸ்டிமேட்டில் தவறாமல் இடம்பெறுவதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பதில் 3

ஆய்வுக் கட்டணம் வாங்கியதைக் குறையாகக் கருத வேண்டாம். இலவச ஆய்வு செய்பவர், அந்த நேரத்துக்கான கூலியை ஏதாவது ஒரு பழுதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். கழித்துத் தருகிறோம் என்ற சலுகைக்காக அங்கேயே வேலையைக் கொடுக்காமல், பழுது பார்க்காத ஒருவரிடம் தனியாகக் காசு கொடுத்து இரண்டாவது கருத்துக் கேளுங்கள். முதல் அறிக்கையை அவரிடம் முன்கூட்டியே காட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வேறொரு மெக்கானிக்கிடம் ஆய்வுக்கு மட்டும் பணம் கொடுத்து அளந்து பார்த்தேன். முன்பேட் 4 மி.மீ., பின்பேட் 7 மி.மீ.; டிஸ்குகள் நான்கும் பொறித்த அளவுக்கு மேலேயே உள்ளன. புஷ்ஷில் ஆட்டம் இல்லை. ஸ்கேனரில் பி0420, பி0301 என இரண்டு கோளாறுக் குறியீடுகள் வந்தன. முதல் சர்வீஸ் சென்டர் இவற்றில் முதலாவதை மட்டுமே குறிப்பிட்டிருந்தது. அப்படியானால் கன்வெர்ட்டர் மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. பி0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகக் கணினி கருதுகிறது என்று மட்டும் சொல்கிறது. கன்வெர்ட்டரை மாற்று என்று சொல்லவில்லை. புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், பின்புற ஆக்சிஜன் சென்சார் பழுதடைந்தாலும் அதே குறியீடு வரலாம். உங்கள் வண்டியில் அதைவிட முக்கியமான செய்தி பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், கன்வெர்ட்டரை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுக்கும். இதைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தினால் அதுவும் கெடும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் இருப்பதால் அது விலை உயர்ந்த பாகம். மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகே அதைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) உள்ள வண்டியாக இருந்தால், முதல் சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) என்ற வரிசையில் பாருங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன், கோளாறு பதிவான நேரத்து வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழித்தால் அவையும் போய்விடும். புகைப் பரிசோதனை நெருங்குகிறது என்றாலும் அழிக்க வேண்டாம், ஏனெனில் கணினி தன் சுயசோதனைகளை மீண்டும் முடிக்கச் சிறிது ஓட்டம் தேவைப்படும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக் மினுக் என்று கண்சிமிட்டினால், ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

பதில் 2

பின்னாளில் பேடும் டிஸ்கும் சேர்த்து மாற்ற நேர்ந்தால் கூலி வரிகளைக் கவனியுங்கள். டிஸ்கைக் கழற்றப் பேடை எப்படியும் கழற்றியாக வேண்டும். இரண்டுக்கும் முழுக் கூலி போட்டிருந்தால் ஒன்றைக் குறைக்கச் சொல்லலாம். பழைய பாகங்கள் வேண்டும் என்பதை, வேலை தொடங்குவதற்கு முன்பே ஜாப் கார்டில் எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

காயிலை இடம் மாற்றியதும் குறியீடு பி0303 ஆகிவிட்டது. ஒரு காயில் மட்டும் புதிதாகப் போட்டு, பிரேக் ஆயிலையும் மாற்றியிருக்கிறேன். மிஸ்ஃபயர் நின்றுவிட்டது. பி0420 திரும்ப வருகிறதா என்று ஓட்டிப் பார்த்த பிறகே கன்வெர்ட்டரைப் பற்றி முடிவு செய்வேன். வந்தால் முதலில் புகைக்குழாய்க் கசிவைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.