"தாய்ப்பால் மட்டும்" என்று எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியவை: அனுபவப் பகிர்வு

பிரசவ வார்டில் பணிபுரிந்த ஒரு செவிலியர்:

நான் முன்பு பணியாற்றிய மருத்துவமனையில், டிஸ்சார்ஜ் நாளன்று தாயிடம் "பால் கொடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டு, அவர் தலையசைத்தால் கேஸ் ஷீட்டில் "தாய்ப்பால் மட்டும்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவோம். அப்படித்தான் ஒரு நாள் டிக் போட்டு முடித்திருந்தேன். அப்போது, சிசேரியனில் பிறந்த பேரனைத் தூக்கிக்கொண்டிருந்த பாட்டி, "பிறந்த அன்னிக்கே எங்க அண்ணன் சேனை வச்சுட்டாரு, ராத்திரி டப்பாப் பாலும் குடிச்சான்" என்று மனநிறைவோடு சொன்னார். சேனை என்பது பிறந்த குழந்தையின் நாவில் தொட்டுவைக்கும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோதான். அவர் எதையும் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

அதன் பிறகு கேள்வியை மாற்றினோம். பிறந்ததிலிருந்து தாய்ப்பாலைத் தவிர வேறு என்ன கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தார்கள், எப்போது, எதற்காக என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதத் தொடங்கினோம். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கணக்கில் வந்தன; மருத்துவர் எழுதிய மருந்தும் வைட்டமின் சொட்டும் விலக்கு; பீய்ச்சிப் பாலாடையில் புகட்டிய தாயின் பால் தாய்ப்பாலே. இரத்தச் சர்க்கரை குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொன்னதன்பேரில் கொடுத்த பாலைத் தனியாகக் குறித்தோம், ஏனெனில் அந்தத் தாயின் மீது பழி விழக் கூடாது.

முதல் மாதமே, "தாய்ப்பால் மட்டும்" என்று குறித்த குழந்தைகளின் விழுக்காடு வெகுவாக இறங்கியது. ஆனால் பதிவேட்டைப் புரட்டியபோதுதான், டப்பாப் பாலில் பெரும்பங்கு சிசேரியன் ஆன தாய்மாரின் முதல் இரவில், ஒரே செவிலியர் வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. எனவே அறிவுரைப் பலகைகளை விட்டுவிட்டு, அறுவை முடிந்து தாய் கண்விழித்தவுடனேயே குழந்தையை மார்பில் சேர்ப்பதிலும், ஒருக்களித்துப் படுத்தபடி பாலூட்டவும் சீம்பாலைக் கையால் பீய்ச்சவும் கற்றுத் தருவதிலும் கவனம் செலுத்தினோம். பாட்டிமாரையும் அருகில் உட்காரவைத்தே சொன்னோம். அவர்களை ஒதுக்கினால் எதுவும் நடக்காது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 55 விழுக்காட்டினரே தாய்ப்பால் மட்டும் குடித்தனர். நாடு முழுவதற்குமான அளவோ 64. அந்த ஆய்வும், கேள்வி கேட்கும் நாளுக்கு முந்தைய நாளில் கொடுத்ததைத்தான் கேட்கிறது. பிறந்த அன்று வைத்த சேனை அதில் தெரியாது.

இரண்டு குழந்தைகளின் தாய்:

மூத்தவள் பிறந்த இரண்டாம் நாள் இடைவிடாமல் அழுதாள். "உனக்குப் பால் ஊறவில்லை" என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பிப் புட்டிப்பால் கொடுத்தேன். டிஸ்சார்ஜ் தாளில் "தாய்ப்பால் மட்டும்" என்றே இருந்தது.

இளையவன் பிறந்தது வேறு மருத்துவமனையில். அவனும் அப்படியே அழுதபோது, செவிலியச் சகோதரி ஒருவர் முழுநேரமும் அருகில் அமர்ந்து பார்த்தார். காம்பை மட்டும் கவ்வியிருந்தவனைச் சற்று விலக்கி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி மீண்டும் சேர்த்தார். முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு என்று விளக்கி, எத்தனை முறை சிறுநீர் போகிறான் என்று எண்ணச் சொன்னார். ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு முறைக்கு மேல் போனான். அந்த எண்ணிக்கையை மாமியார்தான் காலண்டரில் கோடு போட்டுக் குறித்துவந்தார். டப்பா வாங்கச் சொன்னவரும் முன்பு அவரே.