முதியோர் குளியலறை: கைப்பிடியை இப்போதே மாட்டுவதா, சுவரை மட்டும் தயார் செய்வதா?

(நால்வர் உரையாடல்; பேசுகிறவர்களின் பெயர்கள் அவரவர் வாதத்தைக் குறிப்பவை.)

அடித்தளம்:
வீடு கட்டும்போதே முதுமைக்கும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் டைல்ஸை உடைத்துக்கொண்டு உட்கார முடியாது. அளவுகளும் தெரிந்தவைதான். கதவைத் திறந்தால் 815 மி.மீ.க்குக் குறையாத வழி, உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள வட்டம், கமோடு இருக்கை 430 முதல் 485 உயரத்தில், பக்கக் கம்பி 840 முதல் 915 உயரத்தில், வாசலில் 1:12 சாய்தளம் (12 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. ஏற்றம்). இதை அப்படியே வரைபடத்தில் போட்டு, கம்பியையும் முதல் நாளே மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. இதில் என்ன தகராறு?

தனியளவு:
தகராறு அந்த 'அப்படியே'வில்தான். நீங்கள் சொன்னவை சக்கர நாற்காலியை மனதில் வைத்து எழுதிய அளவுகள். தோள்வலு உள்ளவர் நாற்காலியிலிருந்து கமோடுக்குப் பக்கவாட்டில் நகர, கிடைமட்டக் கம்பி நன்றாக உதவும். ஆனால் வயதானவர்களில் பெரும்பாலோர் தட்டுத்தடுமாறியாவது நடக்கிறவர்கள். அவர்களுக்குச் சிக்கல் நகர்வதில் இல்லை, எழுந்திருப்பதில். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, எதையாவது கீழே அழுத்தி எழுவார்கள். எழுந்ததும் தள்ளாடாமல் நிற்க ஒன்றைப் பிடிப்பார்கள். அழுத்துவதற்கு இருக்கையின் இருபுறமும் கைதாங்கி வேண்டும். பிடித்து நிற்பதற்கு, கமோடின் முன்விளிம்பைச் சற்றுத் தாண்டி ஒரு செங்குத்துக் கம்பி வேண்டும். சுவரோரம் படுத்திருக்கும் கம்பி இரண்டுக்கும் அரைகுறைதான். சாய்வாக 45 பாகையில் மாட்டுவது இன்னும் மோசம்: ஈரக் கை கம்பியிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இருக்கை உயரமும் அப்படித்தான். முழங்கால் மடிப்பின் பின்புறத்திலிருந்து தரைவரை அளக்க வேண்டும், வழக்கமாகப் போடும் காலணியோடு. எழச் சிரமப்படுகிறவர்களுக்கு அதற்கு மேல் 25 முதல் 50 மி.மீ. போதும். அந்த அளவு 380 வரும் ஒருவரை 480 உயர இருக்கையில் உட்காரவைத்தால் கால் தரையில் ஊன்றாது, தொடையின் அடிப்புறம் அழுந்தும், முக்கவும் முடியாது. இறங்கும்போது முன்னால் சறுக்குவார்.

அடித்தளம்:
ஒவ்வொருவருக்கும் தனி அளவு என்றால் கட்டுவதெப்படி? அறுபது வீடுள்ள குடியிருப்பில் யார் எந்த வீட்டுக்கு வருவார் என்று யாருக்குத் தெரியும்? சராசரி ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும். கம்பியே இல்லாததைவிடச் சற்றே தவறிய கம்பி மேல்.

தனியளவு:
அதை மட்டும் ஏற்கமாட்டேன். பக்கவாதத்தில் வலக்கை விழுந்தவருக்கு வலப்பக்கக் கம்பி வெறும் அலங்காரம். தூரத்தில் ஒரு கம்பி இருந்தால் அதை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள், எட்டும்போதுதான் விழுகிறார்கள்.

என் யோசனை எளிது. சுவரைத் தயார் செய்யுங்கள், கம்பியை விட்டுவிடுங்கள். பலகைச் சுவராக இருந்தால், சட்டங்களுக்கு இடையே குறைந்தது 18 மி.மீ. ப்ளைவுட். தரையிலிருந்து 600 முதல் 1500 உயரம்வரை, கமோடு, ஷவர் இரண்டு பக்கமும், முழு நீளத்துக்கு. பின்னால் யாருக்கு எது தேவையோ அதை எங்கு வேண்டுமானாலும் திருகலாம்.

வாட்டம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ப்ளைவுட் வைத்தது சரி, எங்கே வைத்தோம் என்று பத்து வருஷம் கழித்து யார் சொல்வது? மூடுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரில் ஒட்டி, எண்கள் தெரிகிற மாதிரி நேராகப் படம் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பலகை இருந்தும் இல்லாததுதான்.

செங்கல் சுவர்க்காரர்கள் நமக்கில்லை என்று நகர வேண்டாம். துளைச் செங்கல்லில் சாதாரண ப்ளாஸ்டிக் முளை நிற்காது. வலைக்குழல் செருகி ரசாயனப் பசையில் ஆங்கர் (சுவருக்குள் ஊன்றும் போல்ட்) போட வேண்டும். இலேசுக் கல்லுக்கு (காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) அதற்கென்றே உள்ள ஆங்கர். கம்பி தாங்க வேண்டியது சுமார் 1100 நியூட்டன், அதாவது நூறு கிலோவுக்கும் மேலான இழுவை. டைல்ஸ் மேல் மட்டும் பிடித்த திருகு அதில் கால்பங்கைக்கூடத் தாங்குமென்று நம்பாதீர்கள். துளை போடும்போது வைர முனை, தண்ணீர், சுத்தியல் விசை அணைத்து. டைல்ஸைத் தாண்டியபின் சுவருக்குத் தக்க முனை மாற்றிக்கொள்ளலாம். திருகுத்துளையில் சிலிகான் அடைக்காமல் விட்டால் நீர் உள்ளே போய்ப் பலகை உப்பும்.

உறிஞ்சு கப்பில் ஒட்டும் கைப்பிடியை மறந்துவிடுங்கள். டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் பட்டால் காற்று மெல்ல இறங்கும். காலையில் உறுதியாக இருந்தது மாலையில் கையோடு வரும்.

குறுக்குக்கேள்வி:
கம்பியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், குளியலறைக் கட்டையை, அதாவது ஷவர் இடத்தின் விளிம்பில் தண்ணீரைத் தடுக்கக் கட்டும் சிறு மேட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஷவர் பக்கம் கட்டையை எடுத்துவிட்டால் தண்ணீர் அறை முழுக்கப் பரவும், நடமாடும் தரையெல்லாம் ஈரமாகும், அதில்தான் வழுக்குவார்கள். 75 மி.மீ. கட்டை ஒன்று இருந்தால் ஈரம் ஒரு மூலையோடு நிற்கும். கட்டையை எடுப்பதே பாதுகாப்பு என்பது மூடநம்பிக்கை.

வாட்டம்:
கட்டை தண்ணீரைத் தடுக்கும், காலையும் தடுக்கும். ஒற்றைக் காலில் நின்று ஈரத்தரையில் 75 மி.மீ. தாண்டுவது முழங்கால் தேய்ந்தவருக்குச் சாதாரண வேலை இல்லை. தண்ணீரை நிறுத்துவது கட்டையின் வேலையே இல்லை, வாட்டத்தின், அதாவது தரைச் சரிவின் வேலை.

1200 மி.மீ. நீள ஷவர் இடத்துக்கு 1:50 வாட்டம் வைத்தால் மொத்த இறக்கம் 24 மி.மீ. அவ்வளவுதான். எங்கே தவறுகிறது என்றால், நடுவில் ஒரு வட்ட ஜல்லடை வைத்து நாலு பக்கமிருந்தும் வாட்டம் கொடுக்கிறார்கள். டைல்ஸைக் குறுக்கே வெட்ட வேண்டும், தரை கடித உறை மாதிரி நாலு முகமாக உடையும், குளியல் நாற்காலியின் ஒரு கால் எப்போதும் ஆடும். நீள வடிகாலைக் கடைசிச் சுவரோரம் போட்டால் ஒரே பக்கம் ஒரே சரிவு; பெரிய டைல்ஸையும் ஒட்டலாம். சக்கரமுள்ள குளியல் நாற்காலி என்றால் பூட்டு கட்டாயம், 1:50 சரிவிலேயே அது மெல்ல வடிகாலை நோக்கி நகரும்.

நீர்க்காப்புப் பூச்சு ஷவர் மூலையோடு நிற்கக் கூடாது. கட்டை இல்லாத அறையில் தரை முழுவதும் பூசி, சுவரிலும் ஏற்ற வேண்டும். ஒரு ஷவர் நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் விடும். 50 மி.மீ. குழாய்க்கு அது பெரிய விஷயமில்லை. தேக்குவது தலைமுடி. ஆகவே குனியாமல் தூக்கக்கூடிய மூடி, கையில் எடுத்துக் கழுவக்கூடிய வடிகட்டி.

குறுக்குக்கேள்வி:
கட்டி முடித்த வீட்டில்? தளம் தாழ்த்தியிருக்காது, குழாயும் மேலேயே இருக்கும்.

வாட்டம்:
அங்கே நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. நாற்றம் மேலே வராமல் 50 மி.மீ. நீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவுக்கு இடமில்லையென்றால் முழுச் சமதளம் வராது. அப்போது விளிம்பைச் சரித்து 12 மி.மீ.க்குள் ஒரு மேடு, அல்லது கழிவுநீரை உறிஞ்சித் தள்ளும் சிறு பம்பு. பம்புக்கு மின்சாரம் வேண்டும், சத்தமும் போடும், மின்சாரம் இல்லாதபோது குளிக்க முடியாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடித்தளம்:
சரி, கம்பியில் இறங்கி வருகிறேன்: ப்ளைவுட் இப்போது, கம்பி பிறகு. ஆனால் கதவு, சாய்தளம் இரண்டும் பின்னால் சேர்க்க முடியாதவை. அவற்றில் வகுத்து வைத்த அளவுகளைத்தான் நம்ப வேண்டும்.

தனியளவு:
கதவில் முழுச் சம்மதம். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துகிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. வெளியே திறக்க வேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் விடுவிக்க முடிய வேண்டும். கதவு வழியை மறிக்கும் அளவுக்கு நடை குறுகலாக இருந்தால் சறுக்குக் கதவு. ஆனால் குழிப்பிடி வைக்காதீர்கள், முடக்குவாதம் வந்த விரல் அதில் நுழையாது. வளையப்பிடி வைத்தால் கதவு முழுவதும் உள்ளே போகாமல் நிற்கும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் வழியின் அகலத்தைக் கணக்கிட வேண்டும்.

சாய்தளத்தில் சம்மதமில்லை. 450 மி.மீ. ஏற்றத்துக்கு 1:12 என்றால் 5.4 மீட்டர், இரு முனையிலும் 1.5 மீட்டர் சமதளம். தானே சக்கரம் தள்ளும் முதியவருக்கு அது செங்குத்து. 1:20 என்றால் நீளம் 9 மீட்டர். நடக்கிறவருக்கு வேறு சங்கடம்: கணுக்கால் இறுகியவரும், நடுக்குவாதத்தில் அடி ஓட ஆரம்பிப்பவரும் சரிவில் இறங்கும்போது தங்களை நிறுத்த முடியாமல் தடுமாறுவார்கள். அவர்களுக்கு இருபுறமும் கைப்பிடி உள்ள, உயரம் குறைந்த, ஒரே அளவான படிகளே மேல். முடிந்தால் இரண்டையும் அருகருகே வையுங்கள்.

அடித்தளம்:
இடமில்லையென்றால்?

தனியளவு:
படிகளைச் சரியாகக் கட்டிவிட்டு, கழற்றி மாட்டும் சாய்தளத்துக்கு முன்னால் 1.5 மீட்டர் சமதரையை ஒழித்து வையுங்கள். பூந்தொட்டிக்கு வேறு இடம் பார்க்கலாம்.

வாட்டம்:
படியைப் பற்றி ஒன்று. தளத்துக்கு டைல்ஸ் ஒட்டும்போது மேல்படி மட்டும் பத்துப் பதினைந்து மி.மீ. கூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். முடிந்த தரைமட்டத்தை முதலில் சுவரில் குறித்துவிட்டு, அதிலிருந்து கீழே பிரித்துக்கொண்டு வாருங்கள்.